கைப்பழக்கமும் புகைப்பழக்கமும்

தமிழில் ‘பழக்கம்’ என்னும் சொல்லுக்கு இரண்டு முகங்கள் உண்டு. தச்சரின் இழைப்புளி பலகைமேல் நேராக ஓடுவதையும், பூக்கட்டும் பெண்ணின் விரல்கள் பாராமலே முடிச்சிடுவதையும் கண்டு ‘எல்லாம் கைப்பழக்கம்’ என்று வியக்கிறோம். குடியையும் புகையையும் விட முடியாமல் தவிப்பவரைக் கண்டு ‘பழக்கம் அவரை விடவில்லை’ என்று இரங்குகிறோம். முன்னதில் மனிதர் ஒன்றை ஆள்கிறார். பின்னதில் ஒன்று மனிதரை ஆள்கிறது. ஆயினும் இரண்டுக்கும் நாம் வைத்திருக்கும் சொல் ஒன்றே.

இது தமிழின் சொல் வறுமை அன்று. இடைக்காலத் திருச்சபையின் பேரறிஞரான புனித தாமஸ் அக்குவினாஸும் நற்பண்பு, தீய பண்பு ஆகிய இரண்டையும் ‘ஹாபித்துஸ்’ என்னும் ஒரே இலத்தீன் சொல்லின்கீழ் வைத்தே ஆராய்ந்தார். திரும்பத் திரும்பச் செய்யும் செயல் மனிதருக்குள் வேரூன்றி, இரண்டாம் இயல்பாகவே ஆகிவிடுகிறது. விதை எதுவானாலும் முளைக்கும் விதம் ஒன்றுதான். எனவே நன்மையின் பழக்கமும் அடிமைத்தனத்தின் பழக்கமும் ஒரே கையில், ஒரே செயலில், ஒரே நேரத்தில் கூடி வளருமானால், அதை நாம் எப்படி மதிப்பிடுவது? இக்கேள்வியை எழுப்புவதற்கு நம் காலத்துப் பொருள் ஒன்று கிடைத்திருக்கிறது. அதையே இங்கு எடுத்துக்கொள்வோம்.

சீன நாட்டு மருந்தாளுநரான ஹான் லிக் என்பவர் புகைப்பிடிப்பவர். அவருடைய தந்தையும் புகைப்பிடித்து நுரையீரல் புற்றுநோயால் இறந்தவர். 2003-ஆம் ஆண்டில் ஹான் லிக் உருவாக்கிய மின்னணு சிகரெட், புகையிலையை எரிக்காமல், நிகோட்டின் கலந்த நீர்மத்தை ஆவியாக்கித் தரும் கருவியாயிற்று. ‘வேப்’ என்று இன்று இளையோர் வழங்குவது இதைத்தான். இதன் இதயம் ஒரு சிறு கம்பிச் சுருள். ‘காயில்’ என்பார்கள். மின்கலத்திலிருந்து வரும் மின்சாரம் சுருளைச் சூடாக்குகிறது. சுருளுக்குள் செருகிய பஞ்சு நீர்மத்தை உறிஞ்சித் தருகிறது. சூட்டில் அது ஆவியாகிறது. பெரும்பாலோர் இச்சுருளை ஆயத்தமாகவே வாங்கி, ஒன்றிரண்டு வாரத்தில் தேய்ந்ததும் எறிந்துவிடுகின்றனர். ஆனால் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் வேறு பல நாடுகளிலும் சிலர் அதைத் தம் கையாலேயே சுற்றிக்கொள்ளக் கற்கிறார்கள். அதற்கென்றே பிரித்துப் பூட்டும் கருவிகளும் விற்பனைக்கு வந்துள்ளன.

கற்கத் தொடங்குபவர் என்ன செய்கிறார் என்று சற்று நின்று பார்ப்போம். இரும்பு, குரோமியம், அலுமினியம் சேர்ந்த, ஸ்வீடன் நாட்டில் பிறந்த ‘காந்தல்’ என்னும் கலப்புலோகக் கம்பியை அவர் எடுக்கிறார். சோற்றுப் பானையின் அடியில் தீய்ந்ததைக் ‘காந்தல்’ என்னும் நமக்கு இப்பெயர் வேடிக்கையாகத் தோன்றலாம். பெயர்ப் பொருத்தம் தற்செயலே. கம்பியின் தடிமன் சுமார் 0.4 மில்லிமீட்டர். மூன்று மில்லிமீட்டர் தடிமனுள்ள ஒரு தண்டின்மேல் அதை ஆறேழு சுற்றுகள், இடைவெளியின்றி, ஒரே இழுவிசையில் சுற்ற வேண்டும். இரண்டு கால்களையும் கருவியின் இரு தூண்களில் செருகித் திருகாணியை இறுக்க வேண்டும். அதிகம் இறுக்கினால் கம்பி அறும். குறைவாக இறுக்கினால் தொடர்பு நடுங்கும்.

அடுத்து மின்தடையை அளக்க வேண்டும். மேற்சொன்ன அளவில் சுற்றினால் ஏறத்தாழ ஒரு ஓம் வரும். ஓம் என்பது ஜெர்மானிய அறிஞர் ஜார்ஜ் சைமன் ஓம் அவர்களின் பெயர். கொலோன் நகரில் இயேசு சபைப் பள்ளி என்று பெயர் பெற்றிருந்த கல்விக்கூடத்தில் ஆசிரியராக இருந்தவர் அவர். மின்னழுத்தத்தை மின்தடையால் வகுத்தால் மின்னோட்டம் கிடைக்கும் என்னும் விதியை 1827-இல் அவர் வெளியிட்டார். பள்ளியில் தேர்வுக்காக மனப்பாடம் செய்து மறந்த அந்த விதி இங்கே உயிர் காக்கும் விதியாகிறது. முழுதும் மின்னேற்றிய மின்கலம் 4.2 வோல்ட் தரும். ஒரு ஓம் சுருளில் 4.2 ஆம்பியர் ஓடும். சுருள் 0.1 ஓம் ஆகிவிட்டால் 42 ஆம்பியர் ஓட முனையும். இத்தகைய கருவிகளில் இடும் மின்கலங்களில் பெரும்பாலானவை அதைத் தாங்கா. கொதித்து வெடிக்கவும் கூடும். 2018-இல் அமெரிக்காவின் புளோரிடாவிலும் 2019-இல் டெக்சாஸிலும் இக்கருவிகள் வெடித்து மனிதர் மாண்டதும் உண்டு.

அளந்த பின், சுருளுக்குச் சிறு சிறு துடிப்பாக மின்சாரம் செலுத்தி, அது சிவப்பதைக் கவனிக்க வேண்டும். நடுவிலிருந்து இரு முனைகளுக்கும் ஒரே சீராகச் செம்மை பரவினால் சுற்று சரி. ஓரிடம் மட்டும் முந்திச் சிவந்தால் அங்கே பிழை இருக்கிறது. பீங்கான் முனைச் சாமணத்தால் மெல்ல அழுத்திச் சீர்செய்ய வேண்டும். ஆறிய பின் பஞ்சை இட வேண்டும். இறுக்கமாக இட்டால் நீர்மம் ஏறாது, பஞ்சு கருகித் தொண்டையை அறுக்கும். தளர்வாக இட்டால் நீர்மம் ஒழுகும். எது சரியான அளவு என்பதை எந்தப் புத்தகமும் விரலுக்குச் சொல்லித் தராது. பத்துமுறை கெடுத்த விரலே பதினோராம் முறை அறிகிறது.

இதைச் செய்யும் ஓர் இளைஞனை மனக்கண்முன் நிறுத்துவோம். பிழைப்புக்காக இலண்டனுக்கோ மான்செஸ்டருக்கோ சென்ற நம் பங்குக் குடும்பத்துப் பிள்ளை என்றே வைத்துக்கொள்வோம். பகலெல்லாம் கிடங்கில் பெட்டி அடுக்கி, இரவில் அறைக்குத் திரும்பி, விளக்கடியில் குனிந்து கம்பி சுற்றுகிறான். பள்ளியில் ஓரிடத்தில் உட்காராதவன் இப்போது ஒரு மணி நேரம் அசையாது இருக்கிறான். ஒரு சுற்று பிசகினால் பிரித்துவிட்டு முதலிலிருந்து தொடங்குகிறான். எறிந்துவிடும் பொருளை நம்பாமல், தானே பழுது பார்க்கிறான். செலவு குறைகிறது, குப்பை குறைகிறது. தனக்குப் பின் வந்தவனுக்குப் பொறுமையோடு கற்றும் தருகிறான். இவை அனைத்தும் நாம் பிள்ளைகளிடம் எதிர்பார்க்கும் குணங்கள் அல்லவா? பொறுமை, கவனம், சிக்கனம், பகிர்வு என்று மறைக்கல்வி வகுப்பில் நாம் சொல்லிக் கொடுத்தவைதாமே இவை?

ஆனால் இத்தனையும் எதற்காக? நிகோட்டினை நெஞ்சுக்குள் இழுப்பதற்காக. அது மனிதரைப் பற்றிக்கொள்ளும் பொருள் என்பதில் ஐயமில்லை. எரியும் சிகரெட்டைவிட இது தீங்கு குறைந்தது என்று இங்கிலாந்தின் பொது மருத்துவத் துறை கூறுகிறது. புகைப்பதை விட முயல்வோருக்கு இதை ஓர் உதவியாகவும் ஏற்கிறது. அதே துறைதான் இது தீங்கற்றது அன்று என்றும், புகைக்காதவர் இதைத் தொடவே கூடாது என்றும் கூறுகிறது. நீர்மத்தில் உள்ள கிளிசரின் அளவுமீறிச் சூடேறினால் அக்ரோலின் என்னும் நச்சுப்பொருள் உண்டாகும். சுருளின் உலோகத் துகள்கள் ஆவியில் கலப்பதையும் ஆய்வாளர் கண்டுள்ளனர். அமெரிக்காவில் 2019-இல் பரவிய நுரையீரல் நோயில், 2020 பிப்ரவரி வரையில் 2,807 பேர் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டனர் அல்லது இறந்தனர் என்றும், அவர்களுள் இறந்தோர் 68 பேர் என்றும் அந்நாட்டு நோய்த்தடுப்பு மையம் பதிவு செய்தது. பெரும்பாலும் கஞ்சாச் சத்து நீர்மங்களில் கலந்த வைட்டமின் ஈ அசிட்டேட்டே அதற்குக் காரணமாகச் சுட்டப்பட்டது. எல்லாக் கருவிகளையும் அதனோடு சேர்த்துக் குற்றம் சாட்டுவது நேர்மை ஆகாது. ஆயினும் நெஞ்சுக்குள் எதை இழுக்கிறோம் என்பதை அறியாமல் இழுப்பதன் ஆபத்தை அது காட்டிற்று.

நம் நாட்டில் சட்டம் வேறு. 2019 செப்டம்பரில் அவசரச் சட்டமாகவும், அதே ஆண்டு டிசம்பரில் நாடாளுமன்றச் சட்டமாகவும் மின்னணு சிகரெட்டின் உற்பத்தி, இறக்குமதி, விற்பனை, விளம்பரம் ஆகியவை தடை செய்யப்பட்டன. முதற் குற்றத்திற்கு ஓராண்டு வரை சிறை, அல்லது ஒரு இலட்சம் ரூபாய் வரை தண்டம், அல்லது இரண்டும். எனவே இங்கிருப்போருக்குச் சட்டத்தின் விடை தெளிவு. ஆனால் நாம் கேட்பது சட்டத்தின் கேள்வி அன்று. சட்டம் அனுமதிக்கும் நாட்டில் இருக்கும் நம் பிள்ளையின் உள்ளத்தில் என்ன வளர்கிறது என்பதே கேள்வி.

இதற்கு இரு எளிய விடைகள் உண்டு. முதலாவது: “திறமை திறமைதான். கை கற்றது நல்லது. அதை எதற்குப் பயன்படுத்துகிறான் என்பது அவன் விருப்பம்.” இரண்டாவது: “கெட்டதற்குச் செய்யும் எதுவும் கெட்டதே. விலங்கைப் பொன்னால் செய்தால் மட்டும் என்ன?” இரண்டிலும் ஒரு பாதி உண்மை இருக்கிறது. பாதி உண்மையோடு நின்றுவிட்டால் முதலாவது விடை அந்தப் பிள்ளையை அவன் போக்கில் கைவிட்டுவிடும். இரண்டாவது விடை அவனை வீட்டு வாசலிலேயே நிறுத்திவிடும். ஆகவே சற்று மெதுவாக நடப்போம்.

புனித தாமஸ் அக்குவினாஸ் கலைத்திறத்தையும் முன்மதியையும் பிரித்துக் காட்டுகிறார். கலைத்திறம் என்பது செய்யப்படும் பொருளைப் பற்றிய நேரிய அறிவு. முன்மதி என்பது செய்கின்ற வாழ்வைப் பற்றிய நேரிய அறிவு. கைவினைஞரை நாம் பாராட்டுவது அவர் செய்த பொருள் செம்மையாக இருப்பதற்காக. அவர் எந்த மனத்தோடு செய்தார் என்பதற்காக அன்று. கோணலான மனம் உடையவரும் நேரான மேசை செய்யலாம். ஆகவே கலைத்திறம் நல்ல செயலுக்கான ஆற்றலைத் தருகிறது; ஆனால் மனிதரை நல்லவராக்குவது அது மட்டும் அன்று. இளைஞனின் சுருள் செம்மையாக இருக்கிறது என்றால், செம்மையாக இருக்கிறது என்றே ஒப்புக்கொள்ளலாம். அதைப் பொய்யாகக் குறைத்துப் பேசுவதால் யாருக்கும் புண்ணியம் இல்லை. ஆனால் அதனாலேயே அவன் வாழ்வு செம்மையாகிவிட்டது என்றும் சொல்ல முடியாது.

திருவிவிலியம் இதை இன்னும் கூர்மையாக நம்முன் வைக்கிறது. விடுதலைப் பயண நூலின் 31-ஆம் அதிகாரத்தில் பெசலேல் என்னும் கைவினைஞர் அழைக்கப்படுகிறார். பொன், வெள்ளி, வெண்கல வேலைகளுக்கான திறன் அவருக்குக் கடவுளின் ஆவியால் அருளப்படுகிறது. கைத்திறன் வானிலிருந்து வரும் கொடை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. ஆனால் பக்கத்தைப் புரட்டினால் 32-ஆம் அதிகாரம். மக்கள் காதணிகளைக் கழற்றித் தர, ஆரோன் உருக்கி வார்த்துக் கன்றுக்குட்டி செய்கிறார். மூன்று அதிகாரங்கள் கடந்தால் அதே மக்கள் அதே போன்ற காதணிகளைக் கூடாரப் பணிக்காகக் கொண்டுவந்து குவிக்கின்றனர். பொன் ஒன்று, நெருப்பு ஒன்று, கைவேலையும் ஏறத்தாழ ஒன்று. வேறுபட்டது, முடிவில் யார் முன் முழங்கால் மடங்கிற்று என்பதே.

எசாயா இறைவாக்கினர் 44-ஆம் அதிகாரத்தில் சிலை செய்யும் கொல்லரை நமக்குக் காட்டுகிறார். அந்த வரிகளை வாசிப்போர் ஒன்றைக் கவனிக்கத் தவறுவதில்லை: இறைவாக்கினர் அந்தக் கொல்லரைச் சோம்பேறியாகவோ திறமையற்றவராகவோ வரையவில்லை. அவர் கரிநெருப்பின்முன் உழைக்கிறார். வலிய கையால் அடித்து வடிக்கிறார். பசிக்கிறது, வலிமை குன்றுகிறது. தண்ணீரும் பருகவில்லை, களைத்துப் போகிறார். பின்னர் வரும் தச்சரோ ஒரே மரத்தின் ஒரு பாதியை எரித்துக் குளிர்காய்கிறார், அப்பம் சுடுகிறார். மறுபாதியின்முன் விழுந்து வணங்குகிறார். தம் வலக்கையில் இருப்பது பொய் என்று அவருக்குத் தோன்றுவதே இல்லை. ஏன்? அது அவர் செய்தது என்பதால்தான். தான் உழைத்து உருவாக்கியதைப் பொய் என்று ஒப்புக்கொள்வது மனிதருக்கு மிகக் கடினம். இங்கேதான் நம் கேள்வியின் ஆழம் தெரிகிறது. பிறர் பூட்டிய விலங்கை வெறுக்கலாம். தன் கையால் செய்த விலங்கில் தன் கைவண்ணத்தைக் கண்டு மனம் மகிழ்ந்துவிடுகிறது.

கடையில் வாங்கிய சிகரெட்டை யாரும் அதன் அழகுக்காக நேசிப்பதில்லை. ஆனால் தானே அளந்து, தானே சுற்றி, சீராகச் சிவக்க வைத்த சுருளில் நேசிக்க ஏதோ இருக்கிறது. அந்த நேசம் நிகோட்டினுக்கு மேலும் ஒரு முடிச்சாகிவிடக் கூடும். உடல் விடத் தயாராகும் நாளில் கை விடத் தயாராக இராது. “இதை விட்டால் என் இரவுகளில் நான் என்ன செய்வேன்? என் நண்பர்கள் யார்? நான் எதில் கெட்டிக்காரன்?” என்று கை கேட்கும். அது வெறும் சாக்கு என்று நாம் தள்ளிவிடக் கூடாது. அந்நிய மண்ணில் தனித்திருப்பவனுக்கு அது உண்மையான கேள்வி.

அப்படியாயின் அவன் கற்ற பொறுமை உண்மையில் அவனுடையதா, அவனுடைய ஆசைக்குரியதா? இவ்விடத்தில் புனித அகுஸ்தினார் நமக்குத் துணை வருகிறார். கருமியின் முன்யோசனை மெய்யான முன்மதி ஆகாது என்பது அவருடைய தெளிவு. கருமி பணத்துக்காகச் சிக்கனமாய் இருக்கிறார், துன்பம் பொறுக்கிறார், நுட்பமாய்த் திட்டமிடுகிறார்; ஆனால் அவை நற்பண்புகளின் சாயல்களே. நம் ஊர் வழக்கில் சொன்னால், கள்ளுக்கடை திறக்குமுன் விடியற்காலையில் நடந்து போய் நிற்பவரை நாம் சுறுசுறுப்பானவர் என்று சொல்வதில்லை. ஆசை இழுக்கும்போது எவரும் பொறுமைசாலியே. ஆசை இழுக்காத இடத்தில் நிற்கும் பொறுமையே நம்முடைய பொறுமை.

ஆனால் இதை ஓர் எல்லைக்குமேல் இழுத்துச் செல்வதும் தவறாகும். ஒரு பண்பு எங்கே முளைத்தது என்பதைக்கொண்டே அதன் முடிவைத் தீர்மானித்துவிட முடியாது. சிறு பிள்ளை மிட்டாய்க்காகப் படிக்கத் தொடங்குகிறது. பின் மிட்டாயை மறந்து படிப்பையே விரும்புகிறது. கூலிக்காகத் தொழில் கற்றவர் பின்னர் கூலி குறைந்தபோதும் வேலையைச் செம்மையாகவே செய்கிறார். சாயலாகத் தொடங்கியது மெய்யாக மாறுவதும் உண்டு. எனவே இளைஞனின் பொறுமையைப் பொய் என்று முத்திரையிடுவதைவிட, அதைச் சோதித்துப் பார் என்று அவனையே அழைப்பது மேல். நிகோட்டின் கூலி தராத ஒரு வேலைக்கு, கெட்டுப்போன ஒரு விளக்கைச் சீராக்கவோ, நோயுற்ற நண்பனுக்குக் கஞ்சி காய்ச்சவோ, அதே கவனத்தை அவனால் கொடுக்க முடிகிறதா? முடிகிறதென்றால் அவன் கற்றது அவனுடையதாகத் தொடங்கிவிட்டது.

இன்னொரு நியாயத்தையும் கேட்டாக வேண்டும். அவன் சொல்லலாம்: “நான் ஒரு நாளைக்கு இருபது சிகரெட் பிடித்தவன். இதைக் கற்றபின் ஒன்றும் தொடுவதில்லை. இதைச் சுற்றும் வேலையே என் மனத்தை அங்கிருந்து திருப்பிற்று.” இது சிறிய காரியம் அன்று. புகையிலையால் உலகில் ஆண்டுதோறும் 70 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இறக்கின்றனர் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. அந்த நெருப்பிலிருந்து ஒருவன் ஓரடி விலகியிருந்தால் நாம் மகிழத்தான் வேண்டும். ‘முழுவதும் விட்டாலன்றி நீ எதையும் விட்டவன் ஆகமாட்டாய்’ என்று பேசுவது நற்செய்தியின் குரல் அன்று. நெரிந்த நாணலை முறிக்காதவரைப் பின்பற்றுவோர் நாம்.

காலொடிந்தவருக்கு ஊன்றுகோல் தேவை. ஊன்றுகோலை இகழ்பவர் காலொடிந்ததன் வலி அறியாதவர். ஆனால் ஒருவர் தம் ஊன்றுகோலை இழைத்து, மெருகிட்டு, பூவேலை செய்து, இன்னும் நல்ல கோலுக்காக மரம் தேடி அலையத் தொடங்கினால், நாம் அன்போடு ஒன்று கேட்கலாம்: “கால் எப்படி இருக்கிறது?” கோலின் அழகைப் பழிக்க வேண்டியதில்லை. கோல் எதற்காக வந்தது என்பதை நினைவூட்டினால் போதும். கருவியைக் குறைந்த தீமையாகக் கைக்கொண்டவர், அது குறைந்தது என்பதோடு தீமை என்பதையும் மறவாதிருக்க வேண்டும். நிகோட்டின் அளவைப் படிப்படியாகக் குறைத்து ஒரு நாள் இறக்கி வைப்பவனுக்கு அச்சுருள் படிக்கட்டு. ஆண்டுகள் கழிந்தும் அடுத்த சுருளின் வடிவை மட்டுமே எண்ணுபவனுக்கு அது வீடாகிவிட்டது.

இவ்வளவும் சொல்லும் நாம் நம் வீட்டையும் ஒருமுறை திரும்பிப் பார்ப்பது நேர்மை. நம் பாட்டன்மார் வைத்திருந்த பாக்குவெட்டிகளை நினைத்துப் பார்ப்போம். கிளி வடிவிலும் குதிரை வடிவிலும் பித்தளையிலும் இரும்பிலும் கொல்லர் எத்தனை அழகாகச் செய்தனர்! வெற்றிலைச் செல்லத்தின் அறைகளும், சுண்ணாம்புக் கரண்டகமும், பாக்கைச் சீவல் சீவலாக நறுக்கும் கைப்பழக்கமும் எத்தனை நயமானவை! மணவோலைக்கும் மரணவீட்டுக்கும் அந்தத் தட்டு இல்லாமல் முடியாது. ஆனால் பாக்கு தன்னளவிலேயே புற்றுநோய் தரும் பொருள் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் வகைப்படுத்திவிட்டது. புகையிலையோடு சேர்த்து அதை மென்ற எத்தனை வாய்கள் நம் குடும்பங்களிலேயே புண்ணாகிப் போயின! கையின் அழகு வாயின் நோயை மறைத்து நின்றது. அயல்நாட்டில் கம்பி சுற்றும் பேரன், ஒருவகையில் பாக்குவெட்டி பிடித்த பாட்டனின் பேரன்தான். கல்லெறியும் உரிமை நமக்கு இல்லை.

திருச்சபையும் புகையிலை விடயத்தில் ஒரே நாளில் இன்றைய தெளிவை அடைந்துவிடவில்லை. 1642-இல் திருத்தந்தை எட்டாம் உர்பான் ஸ்பெயின் நாட்டுச் செவில் மறைமாவட்டக் கோவில்களில் புகையிலையைத் தடை செய்தார். இறைவழிபாட்டின் கண்ணியமே அப்போது அவர் கருத்தில் இருந்தது. 1992-இல் வெளியான கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல், உணவு, மது, மருந்து ஆகியவற்றோடு புகையிலையையும் சேர்த்து, அவற்றின் மிகைப் பயனைத் தவிர்க்க வைப்பது அளவுடைமை என்னும் நற்பண்பு எனக் கற்பிக்கிறது. திருத்தந்தை பிரான்சிஸ் 2018 முதல் வத்திக்கானில் சிகரெட் விற்பனையை நிறுத்தினார். மக்களின் உடல்நலத்தைக் கெடுக்கும் ஒன்றில் திருப்பீடம் பங்குகொள்ளலாகாது என்பதே சொல்லப்பட்ட காரணம். அந்த விற்பனையால் வருவாய் உண்டு என்பதை அறிந்தே அது நிறுத்தப்பட்டது. இப்படி ஒரு பெரிய நிறுவனமே மெல்ல மெல்லக் கற்றது என்றால், ஓர் இளைஞன் கற்பதற்கு நாம் சிறிது காலம் தரலாகாதா?

முடிவாக, திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1981-இல் உழைப்பைப் பற்றி வெளியிட்ட சுற்றுமடலின் அடிப்படைக் கருத்து ஒன்றைத் துணைக்கு அழைப்போம். உழைப்புக்கு இரண்டு பக்கங்கள் உள்ளன. ஒன்று, செய்யப்படும் பொருள். மற்றது, செய்யும் மனிதர். உழைப்பின் மதிப்பை முதலில் தீர்மானிப்பது அதைச் செய்பவர் ஒரு மனிதர் என்பதே. உழைப்பில் மனிதர் பொருளை மட்டும் உருவாக்குவதில்லை, தம்மையும் உருவாக்கிக்கொள்கிறார். இதை நம் கேள்வியோடு பொருத்தினால் விடை தானே தோன்றும். சுருள் ஒரு வாரத்தில் தேய்ந்துபோகும். சுற்றியவன் நிலைத்திருக்கிறான். அவன் ஒவ்வொரு இரவும் சுற்றிச் சுற்றி உருவாக்குவது எந்த மனிதனை என்பதே கணக்கில் நிற்பது.

ஆகவே நம் முடிவு இது. கைத்திறன் நல்லதே, அது கடவுளின் கொடை. ஆனால் கைத்திறன் தான் சேவிக்கும் நோக்கத்தைப் புனிதமாக்கிவிடாது. நோக்கத்தின் குறை கைத்திறனை முழுதும் பாழாக்கிவிடுவதும் இல்லை. இரண்டுக்கும் இடையே நின்று தீர்ப்பது ஒரே சோதனை: நான் இதை இறக்கி வைக்க முடியுமா? எல்லாம் செய்ய உரிமை இருப்பினும் எதற்கும் அடிமையாக மாட்டேன் என்று கொரிந்து நகர மக்களுக்குத் திருத்தூதர் பவுல் எழுதியது இந்தச் சோதனையைத்தான். தச்சர் உளியை மாலையில் இறக்கி வைக்கிறார். உளி அவரைத் தேடி இரவில் எழுப்புவதில்லை. எனவே அது கைப்பழக்கம். இறக்கி வைத்த ஒரு மணி நேரத்தில் கை தானாகத் தேடுமானால், எவ்வளவு நுட்பமாகச் செய்யப்பட்டதாயினும், அது மற்றப் பழக்கம்.

தொலைவில் இருக்கும் பிள்ளையிடம் நாம் தொலைபேசியில் என்ன சொல்லலாம்? ‘அந்தச் சனியனைத் தூக்கி எறி’ என்றால் அவன் பேச்சை மாற்றுவான். அடுத்தமுறை எதையும் சொல்ல மாட்டான். ‘எப்படிச் சுற்றுகிறாய், சொல்லப்பா, கேட்கிறேன்’ என்று தொடங்கலாம். கம்பியின் அளவையும் ஓம் விதியையும் அவன் சொல்லட்டும். ‘உன் கைக்கு இவ்வளவு பொறுமை வந்துவிட்டதே!’ என்று மனமார மகிழலாம், அது பொய்யன்று. பிறகு, ‘சிகரெட்டை விட்டாய், நல்லது, இதை எப்போது இறக்கி வைக்கப் போகிறாய்?’ என்று கேட்கலாம். முதலாவதைச் சொல்லாமல் இரண்டாவதைக் கேட்டால் அது கடிந்துரை. இரண்டாவதைக் கேட்காமல் முதலாவதோடு நின்றால் அது முகத்துதி. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்ல வல்லது பெற்றோரின் அன்பு.

1955-இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் மே முதல் நாளைத் தொழிலாளரான புனித யோசேப்பின் விழாவாக நிறுவினார். நாசரேத்துத் தச்சுப்பட்டறையில் செய்யப்பட்ட பொருள் ஒன்றுகூட இன்று நம்மிடம் இல்லை. ஏரோ, நுகமோ, கதவோ, எதுவாக இருந்தாலும் அவை மண்ணோடு மண்ணாகிவிட்டன. அங்கே உருவான மனிதரே நமக்கு எஞ்சியிருக்கிறார். அந்தப் பட்டறையின் தலைவரிடம், அந்நிய ஊரின் அறையில் விளக்கடியில் குனிந்திருக்கும் நம் பிள்ளைகளின் கைகளை ஒப்படைப்போம். கற்ற கை வீணாகாதிருக்கவும், கட்டுண்ட கை விடுபடவும் அவர் பரிந்து பேசுவாராக.